செக் சட்டை, செக் புக், செக் வால்வு: எல்லாம் ஒரே ‘செக்’கா?

முக்கோணம் | 3 மார்ச் 2021, காலை 7.12

கட்டம் போட்ட சட்டை செக் சட்டை. வங்கிக் காசோலையும் செக். பில்லைச் சரிபார்த்தால் செக் பண்ணுவது. குழாயில் தண்ணீர் திரும்பாமல் தடுப்பது செக் வால்வு. சதுரங்கத்தில் ராஜாவுக்கு வைப்பதும் செக். இவை ஐந்தும் தனித்தனிச் சொற்கள், உச்சரிப்பு தற்செயலாக ஒன்றாகிவிட்டது என்பது என் கட்சி. காசோலைக்கு ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டலே வேறு. அது ‘ஸக்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததாகப் பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். மறுப்பவர்கள் ஆதாரத்தோடு மறுக்கவும்.

குதிரைநடை | 3 மார்ச் 2021, காலை 8.05

ஐந்தும் ஒன்றுதான். தாய் சதுரங்கச் செக். மற்ற நான்கும் அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்.

பாரசீகத்தில் ‘ஷா’ என்றால் அரசன். எதிரியின் அரசனைத் தாக்கும்போது ‘ஷா!’ என்று குரல் கொடுத்து எச்சரிப்பது ஆட்ட வழக்கம். ஆட்டம் அரபிகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனபோது அந்தக் குரலும் கூடவே போயிற்று. இடைக்கால லத்தீனில் ‘ஸ்காக்கஸ்’, பழைய பிரெஞ்சில் ‘எஷெக்’, 1300 வாக்கில் ஆங்கிலத்தில் ‘செக்’. காய்க்குப் பெயராக இருந்தது தாக்குதலுக்குப் பெயராகிவிட்டது.

இன்னொன்று. பழைய பிரெஞ்சில் ‘எஷெக்’ ஒருமை. பன்மை விகுதி சேர்ந்தபோது நடுவிலிருந்த ககர ஒலி தேய்ந்து ‘எஷெஸ்’ ஆயிற்று. அந்தப் பன்மைதான் ஆங்கிலத்தில் ‘செஸ்’. செக் ஒருமை, செஸ் அதன் பன்மை. ஒரே சொல்லின் இரண்டு வடிவங்கள் ஆங்கிலத்துக்குள் வந்ததும் பங்கு பிரித்துக்கொண்டன.

வேர்நோக்கி | 3 மார்ச் 2021, காலை 9.30

‘ஷா’வுக்குப் பின்னால் இன்னும் ஒரு படி போகலாம். பழம் பாரசீகக் கல்வெட்டுகளில் அரசனுக்கு ‘க்ஷாயதிய’ என்று வருகிறது. ஆளுதல் என்ற பொருளுள்ள வேர். வடமொழி ‘க்ஷத்ர’, ‘க்ஷத்ரிய’ இவற்றுக்கும் அதே வேர். பாரசீக மாகாண ஆளுநரைக் கிரேக்கர்கள் ‘சத்ராப்’ என்றார்களே, அதுவும் அதே குடும்பம்.

உடனே ‘செக் புக் க்ஷத்ரியனிலிருந்து வந்தது’ என்று பரப்பிவிடாதீர்கள். வேர் ஒன்று, கிளைகள் வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கவில்லை. ‘ஷேக்’ இதில் சேரவே சேராது. அது முதியவர், பெரியவர் என்று பொருள்படும் தனி அரபுச் சொல்.

குதிரைநடை | 3 மார்ச் 2021, மதியம் 1.18

ஆட்டத்தின் பெயரை வைத்து ஐரோப்பிய மொழிகளை இரண்டாகப் பிரிக்கலாம். சதுரங்கம் பாரசீகத்தில் ‘சத்ரங்’ ஆகி அரபியில் ‘ஷத்ரஞ்ச்’ ஆனது. அரபு ஆட்சி நேரடியாக இருந்த ஐபீரியப் பக்கம் இந்தப் பெயர் தங்கியது: ஸ்பானிய ‘அஹெத்ரேஸ்’, போர்த்துகீசிய ‘ஷத்ரேஸ்’. மற்ற இடங்களில் ஆட்டத்துக்கே ராஜாவின் பெயர்: பிரெஞ்சு ‘எஷெக்’, இத்தாலிய ‘ஸ்காக்கி’, ஜெர்மன் ‘ஷாஹ்’, ரஷ்ய ‘ஷாஹ்மத்தி’. ரஷ்யர்கள் ஆட்டத்தின் முடிவையே பெயராக்கிவிட்டார்கள்.

செக்மேட் பற்றி ஒரு வார்த்தை. ‘ஷா மாத்’ என்றால் ‘அரசன் செத்தான்’ என்று பரவலாகச் சொல்வார்கள். அரபியில் ‘மாத’ என்றால் இறந்தான், அதனால் வந்த விளக்கம். பாரசீகத்தில் ‘மாத்’ என்றால் செயலற்றவன், திகைத்து நிற்பவன். ஆட்ட விதிக்கும் இதுதான் பொருந்துகிறது. சதுரங்கத்தில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லை. போக இடமில்லாமல் நிற்கவைப்பதோடு ஆட்டம் முடிந்துவிடுகிறது. ‘ரூம்மேட்’டில் வரும் மேட் வேறு. அது சேர்ந்து உண்பவன் என்ற பொருளில் ஜெர்மானியப் பக்கத்திலிருந்து வந்தது.

முக்கோணம் | 3 மார்ச் 2021, மதியம் 2.40

சதுரங்கம் வரை சரி. ராஜா எப்படிச் சட்டைக்குள் நுழைந்தார்? காசோலைக்குள் எப்படி?

பழங்கணக்கு | 3 மார்ச் 2021, இரவு 9.55

சட்டைக்குள் நுழைந்தது சதுரங்கப் பலகை வழியாக. ‘எஷெக்’கிலிருந்து பலகைக்கு ‘எஷெக்கியே’, லத்தீனில் ‘ஸ்கக்காரியம்’. ஆங்கிலத்தில் ‘செக்கர்’. பலகையைப் போலக் கட்டம் கட்டமாக இருப்பதெல்லாம் செக்கர், சுருக்கமாகச் செக். அமெரிக்கர்கள் அதே பலகையில் ஆடும் வேறொரு ஆட்டத்தைச் ‘செக்கர்ஸ்’ என்கிறார்கள்.

அதே பலகையிலிருந்து இங்கிலாந்தின் கருவூலத்துக்கும் பெயர் வந்தது: ‘எக்ஸ்செக்கர்’. இன்றும் அந்நாட்டு நிதியமைச்சரின் பதவிப் பெயரில் அது இருக்கிறது. இது உவமையாக வைத்த பெயர் அல்ல, மேசை நிஜமாகவே அப்படி இருந்தது. 1170களின் இறுதியில் இரண்டாம் ஹென்றியின் பொருளாளர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல், ஆசிரியரும் மாணவரும் பேசுவது போல, கருவூல நடைமுறையை எழுதி வைத்திருக்கிறார். மேசை சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலம். காசு உருண்டு விழாதபடி விளிம்பு நான்கு விரற்கடை உயரம். அதன் மேல் கோடு போட்ட கறுப்புத் துணி. கோடுகளுக்கு நடுவில் ஒரு அடி அல்லது ஒரு சாண் இடைவெளி. ஷெரிஃபுகள், அதாவது மாவட்டங்களில் அரசனுக்காக வரி வசூலித்த அதிகாரிகள், ஆண்டுக்கு இருமுறை, ஈஸ்டரிலும் மைக்கேல்மஸிலும் (செப்டம்பர் இறுதியில் வரும் கிறிஸ்தவத் திருநாள்), வந்து கணக்குக் காட்ட வேண்டும்.

வலமிருந்து இடமாகப் பத்திகள்: பென்னி, ஷில்லிங், பவுண்டு, இருபது பவுண்டு, நூறு, ஆயிரம், அபூர்வமாகப் பத்தாயிரம். கட்ட வேண்டிய தொகையை மேலே வில்லைகளாக வைப்பார்கள். கட்டிய தொகை அதற்குக் கீழே. பிறகு கழிப்பார்கள். ரோம எண்களில் எழுதிக் கழிப்பது நரகம்; மேசையில் அந்தத் தொல்லை இல்லை. பத்தி காலியாக இருந்தால் அதுவே பூஜ்யம்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். கட்ட வேண்டியது 245 பவுண்டு 7 ஷில்லிங் 5 பென்னி. கட்டியது 198 பவுண்டு 12 ஷில்லிங் 9 பென்னி.

பென்னிப் பத்தியில் மேலே 5, கீழே 9. போதாது. ஷில்லிங்கிலிருந்து ஒரு வில்லையை எடுத்துவிட்டு இங்கே 12 வையுங்கள்: 17 கழித்தல் 9, மீதி 8. ஷில்லிங்கில் மேலே இப்போது 6, கீழே 12. பவுண்டிலிருந்து ஒன்றை எடுத்து 20 வையுங்கள்: 26 கழித்தல் 12, மீதி 14. பவுண்டுப் பத்தியில்தான் பழக்கமில்லாதவர்கள் தடுமாறுவார்கள். 245 என்பது 2 நூறு, 2 இருபது, 5 ஒன்று. 198 என்பது 1 நூறு, 4 இருபது, 18 ஒன்று. ஒன்றுகளில் மேலே இருப்பது 4, கீழே 18. ஒரு இருபதை உடைத்தால் 24 கழித்தல் 18, மீதி 6. இருபதுகளில் மேலே 1, கீழே 4. ஒரு நூறை உடைத்தால் ஐந்து இருபது கிடைக்கும்: 6 கழித்தல் 4, மீதி 2. நூறில் ஒன்றுமில்லை. விடை 46 பவுண்டு 14 ஷில்லிங் 8 பென்னி.

பத்திக்குப் பத்தி அடிமானம் மாறுகிறது: 12, 20, 20, 5, அப்புறம் 10. எங்கே எத்தனை உடைப்பது என்று கை குழம்பினால் கணக்கு போச்சு. அதனால் வில்லை வைப்பவர் எல்லாரும் பார்க்கும்படி மேசையின் பக்கவாட்டில் நடுவே உட்கார வேண்டும் என்று விதி.

தறிமேடை | 4 மார்ச் 2021, காலை 6.48

மேலே சொன்ன துணியில் கோடுகள்தானே இருக்கின்றன. அதைச் சதுரங்கப் பலகை என்று எப்படிச் சொன்னார்கள்? கட்டம் வேறு, பட்டை வேறு. இது துணிக்காரன் சந்தேகம்.

பழங்கணக்கு | 4 மார்ச் 2021, காலை 10.20

ஃபிட்ஸ்நீலின் மாணவரும் இதையேதான் கேட்கிறார். ஆசிரியர் இரண்டு பதில் தருகிறார். ஒன்று, பார்வைக்குச் சதுரங்கப் பலகை போல இருக்கிறது. இரண்டாவதுதான் சுவையானது: பலகையில் இரண்டு அரசர்கள் மோதுவது போல, இங்கே பொருளாளரும் ஷெரிஃபும் மோதுகிறார்கள், மற்றவர்கள் நடுவர்களாக உட்கார்ந்து பார்க்கிறார்கள். துணியின் கோட்டைவிட இந்த மோதல்தான் பெயரை நிலைக்கவைத்தது என்பது என் அபிப்பிராயம்.

தறிமேடை | 4 மார்ச் 2021, மாலை 5.31

துணியில் செக் என்பது எப்படி உண்டாகிறது என்று யாரும் சொல்லவில்லை. பாவில் (நீளவாக்கில் ஓடும் இழைகள்) நீலம் 20 இழை, வெள்ளை 20 இழை என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஊடையிலும் (குறுக்கே ஓடும் இழைகள்) அதே வரிசை. சாதா நெசவில் நீலம் நீலத்தைக் கடக்கும் இடம் அடர்நீலம், வெள்ளையும் வெள்ளையும் வெள்ளை, நீலமும் வெள்ளையும் கடக்கும் இடம் வெளிர்நீலம். சாயம் இரண்டு, கண்ணுக்குத் தெரிவது மூன்று நிறம். இதுதான் கிங்காம்.

கெட்டுப்போவது ஊடை அடர்த்தியில். அங்குலத்துக்குப் பாவில் 60 இழை, ஊடையில் 52 என்றால் 20 ஊடை இழை அதிக இடம் பிடிக்கும், சதுரம் நீள்சதுரமாகிவிடும். இரண்டு அடர்த்தியும் சமமாக இருக்க வேண்டும். முடியாவிட்டால் ஊடை எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும்: 20க்கு 52ஐப் பெருக்கி 60ஆல் வகுத்தால் 17 இழையும் கொஞ்சமும். இரண்டு நாடாவில் (ஊடை இழையைச் சுமந்து குறுக்கே ஓடும் கருவி) ஓட்டினால் ஒரு பட்டைக்கு இரட்டைப்படை இழைதான் சௌகரியம், நாடா புறப்பட்ட பக்கத்துக்கே திரும்பிவிடும். அதனால் 18 வைத்துக்கொண்டு ஊடையைச் சற்று நெருக்கி அடிப்பார்கள். துணி தறியிலிருந்து இறங்கித் துவைத்ததும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. எனவே சதுரத்தை அளப்பது துவைத்த பிறகுதான்.

கிங்காம் என்ற பெயர் மலாய் மொழியின் ‘கெங்காங்’, டச்சுக்காரர்கள் வழியாக வந்தது. அதன் பழைய பொருள் பட்டை போட்டது. பட்டைத் துணி கட்டத் துணியாக மாறியதற்கு இன்னொரு சாட்சி.

குதிரைநடை | 4 மார்ச் 2021, மாலை 6.02

போர்த்துகீசியத்தில் கட்டம் போட்ட துணிக்கும் ‘ஷத்ரேஸ்’ என்றே பெயர், சிறைக் கொட்டடிக்கும் கொச்சையாக அதே சொல். ஆங்கிலத்தோடு சம்பந்தமில்லாமல், சதுரங்கத்தின் வேறொரு பெயரிலிருந்து, அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பலகையைப் பார்த்த கண்ணுக்குத் துணி தோன்றியே தீரும் போல.

வேர்நோக்கி | 5 மார்ச் 2021, காலை 8.14

இனி வினைச்சொல். முக்கோணம் கேட்ட ‘பில்லைச் செக் பண்ணுவது’ எப்படி வந்தது என்றால் படிப்படியாகத்தான்.

முதல் படி தாக்குதல். ராஜாவுக்குச் செக் வைத்தால் எதிராளி தன் திட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு ராஜாவைக் காப்பாற்ற வேண்டும். அதனால் 14ஆம் நூற்றாண்டிலேயே ‘செக்’குக்குத் திடீரெனத் தடுத்து நிறுத்துவது என்ற பொருள் வந்துவிட்டது. அடுத்தது அடக்கி வைப்பது, மட்டுப்படுத்துவது. அரசியலமைப்புப் பாடங்களில் ஒரு அதிகார மையத்துக்கு மற்றொன்று ‘செக்’ என்று வருவது இதுதான். அடுத்த படி, ஒருவர் மீறாதபடி அவர் வேலையை ஒரு பதிவோடு ஒப்பிட்டுக் கட்டுக்குள் வைப்பது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கேதான் ‘சரிபார்’ பிறக்கிறது. தடுப்பதிலிருந்து சரிபார்ப்பதற்குத் தாவவில்லை; நடுவில் ‘கட்டுப்படுத்து’ என்ற பாலம் இருக்கிறது.

நம் செய்தித் தலைப்புகளில் ‘இவருக்கு அவர் செக் வைத்தார்’ என்று எழுதுகிறார்களே, அது 700 ஆண்டு பழைய முதல் பொருள். ‘செக் பண்ணு’ என்பது கடைசிப் பொருள். தமிழ் இரண்டையும் வாங்கி, ஒன்றுக்கு ‘வை’, மற்றொன்றுக்கு ‘பண்ணு’ என்று துணைவினையால் வேலி போட்டுவிட்டது. ஆங்கிலத்தில் அந்த வேலி இல்லை. சூழலைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

திருகாணி | 5 மார்ச் 2021, இரவு 8.47

பட்டறைச் செக்குகள் எல்லாம் ‘தடு’ வகை. செக் வால்வு எதையும் சரிபார்ப்பதில்லை. ஒரு பக்கம் விடும், மறுபக்கம் தடுக்கும், அவ்வளவே. உடல் மேல் அம்புக்குறி இருக்கும், ஓட்டம் அந்தத் திசையில். கதவு போல ஆடும் ஸ்விங் வகையைச் செங்குத்துக் குழாயில் போடுவதாக இருந்தால் ஓட்டம் கீழிருந்து மேலாக இருக்க வேண்டும். மேலிருந்து கீழாகப் போட்டால் மடல் தன் எடையால் திறந்தே தொங்கும், வால்வு இருந்தும் இல்லாததுதான். வளைவை ஒட்டியோ பம்பின் வாயை ஒட்டியோ போடாமல், முன்னால் குழாய் விட்டத்தைப் போல ஐந்து மடங்காவது நேர்க்குழாய் விட்டால் மடல் படபடக்காது. பம்பை நிறுத்தியதும் குழாயில் ‘டொம்’ என்று அடி கேட்டால், நீர் திரும்பி ஓடத் தொடங்கிய பிறகே மடல் மூடுகிறது என்று அர்த்தம். ஸ்பிரிங் வகை, ஓட்டம் நிற்கும்போதே மூடிவிடும்.

ரயில்பாதை வளைவில் உள்தண்டவாளத்தை ஒட்டி இன்னொரு தண்டவாளம் ஓடும், செக் ரயில். சக்கர விளிம்பு வெளியே ஏறாமல் பிடித்து வைப்பதற்கு. அதுவும் ‘தடு’.

செக் நட்டும் அப்படியே. முதல் நட்டு கழலாமல் தடுக்க இரண்டாவது நட்டு. மெல்லியதைக் கடைசியில், மேலே போடுவதுதான் எங்கும் கண்ணில் படுகிறது. அது தலைகீழ். மெல்லியது முதலில், பாகத்தை ஒட்டி. தடித்தது அதற்கு மேல்.

முக்கோணம் | 5 மார்ச் 2021, இரவு 9.10

தடித்த நட்டுதானே பிடிமானம்? அது பாகத்தை ஒட்டி இருந்தால்தானே பலம்?

திருகாணி | 5 மார்ச் 2021, இரவு 9.36

பார்வைக்கு அப்படித் தெரியும். மேல் நட்டை இறுக்கும்போது அது போல்ட்டை மேலே இழுக்கிறது, கீழ் நட்டைக் கீழே தள்ளுகிறது. கீழ் நட்டின் மரை போல்ட் மரையின் ஒரு முகத்திலிருந்து விலகி எதிர்முகத்தில் போய் முட்டுகிறது. அதன்பின் போல்ட்டின் இழுவிசை முழுவதையும் தாங்குவது மேல் நட்டுதான். தாங்குபவன் தடித்தவனாக இருக்க வேண்டும்.

முறை: மெல்லியதை முழு முறுக்கில் கால் பங்கிலிருந்து பாதிவரை மட்டும் இறுக்குங்கள். அதை ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, அது சுழலாதபடி, தடித்ததை முழு முறுக்குக்கு இறுக்குங்கள். பிடிக்காமல் இறுக்கினால் இரண்டும் சேர்ந்து சுழலும், ஒன்றையொன்று பூட்டாது. கீழ் நட்டையும் முழுதாக இறுக்கிவிட்டால் முகம் மாறாது. இரண்டு நட்டு போட்டும் அதிர்வில் கழலும்.

பழங்கணக்கு | 6 மார்ச் 2021, காலை 11.05

இப்போது காசோலை. ‘ஸக்’ கதையை நேராக எடுத்துக்கொள்வோம். அரபியில் ‘ஸக்’ என்ற சொல் உண்டு, பொருள் எழுத்து ஆவணம். அதுவும் பாரசீக ‘சக்’கிலிருந்து வந்தது, அரபியில் சகர வல்லொலி இல்லாததால் ‘ஸ’ ஆயிற்று. பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டுகள் அந்த நாடுகளில் ஐரோப்பாவுக்கு முன்பே புழங்கின என்பதும் உண்மை. ஆனால் பொருள் முந்தியது என்பதற்காகப் பெயரும் அங்கிருந்து வந்ததாகிவிடாது.

எதிர்ச்சான்று மூன்று. முதலாவது, சொல் மத்தியதரைக்கடல் வணிகம் வழியாக வந்திருந்தால் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் முதலில் தலைகாட்டியிருக்க வேண்டும். இத்தாலியர்கள் அதை ‘அஸ்ஸேஞ்ஞோ’ என்கிறார்கள். பிரெஞ்சு, ஸ்பானிய, ஜெர்மன் மொழிகளில் இருப்பது ஆங்கிலத்திலிருந்து போனது. இரண்டாவது, லண்டனில் இன்றும் எஞ்சியுள்ள மிகப் பழைய காசோலைகளில் ஒன்று 1659 பிப்ரவரி 16 தேதியிட்டது, மோரிஸ், கிளேட்டன் என்ற இருவரின் நிறுவனத்தின் மேல் எழுதியது. அக்காலத்தில் அந்தச் சீட்டுக்குச் செக் என்று பெயரே இல்லை, ‘வரைந்த சீட்டு’ என்பது போன்ற பெயர்கள். மூன்றாவதுதான் முக்கியம்: 1700களின் தொடக்கத்தில் அந்தச் சொல் வரும்போது அது பணச்சீட்டைக் குறிக்கவில்லை, வங்கியில் தங்கும் அடிக்கட்டையைக் குறித்தது. மோசடியைத் தடுக்கும் துண்டு, ஆகவே செக்.

இங்கிலாந்து வங்கி 1717இல் அச்சிட்ட படிவங்களைக் கொண்டுவந்தது. ‘செக் தாள்’ என்று பெயர். எண்ணிட்ட படிவத்தை வாடிக்கையாளர் காசாளரிடம் நேரில் போய் வாங்க வேண்டும். துண்டின் பெயர் மெல்ல மெல்ல முழுச் சீட்டுக்கும் பரவியது. 1830 வாக்கில் 50, 100, 200 படிவங்களைத் தைத்துப் புத்தகமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

எழுத்துக்கூட்டல் வித்தியாசம் அதற்கும் பிந்தியது. 1820களின் இறுதியில் கில்பார்ட் என்ற வங்கியாளர், பெரும்பாலோர் மற்றச் செக்கைப் போலவே எழுதுகிறார்கள், குழப்பம் வராமலிருக்கவும் எக்ஸ்செக்கரோடு ஒத்துப்போகவும் நான் வேறு மாதிரி எழுதுகிறேன் என்று காரணம் சொல்லியே எழுதினார். அமெரிக்கர்கள் பழைய எழுத்தோடு நின்றுவிட்டார்கள். ஆனாலும் 1891இல் பயணிகள் காசோலை கொண்டுவந்த அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், அமெரிக்க நிறுவனமாக இருந்தும், அதன் மேல் பிரிட்டிஷ் எழுத்தைப் போட்டுக்கொண்டது.

வேர்நோக்கி | 6 மார்ச் 2021, மதியம் 12.22

மூன்றாவது சான்று ஒன்றே போதும். முதலாவதை அவ்வளவு அழுத்தக் கூடாது. ஒரு சொல் இத்தாலியைத் தொடாமல் லண்டனுக்கு வர வழியே இல்லை என்று சொல்ல முடியாது. கப்பல் எங்கும் போகும். ‘அடிக்கட்டை’ என்ற பொருள் முதலில் வந்தது என்பதை மட்டும் ‘ஸக்’ கட்சியால் விளக்கவே முடியாது.

பழங்கணக்கு | 6 மார்ச் 2021, இரவு 10.41

அடிக்கட்டை என்ற ஏற்பாடு காகிதத்துக்கு முன்னால் மரத்தில் இருந்தது. கருவூலத்தில் ரசீது என்பது குச்சி. பெரும்பாலும் ஹேசல் மரம். நீளம் ஆட்காட்டி விரல் நுனியிலிருந்து விரித்த கட்டைவிரல் வரை. தொகைக்கு ஏற்ப வெட்டு: ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கைப் பருமன், நூறுக்குக் கட்டைவிரல், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்குப் புடைத்த பார்லி மணி அளவு, ஷில்லிங்குக்கு அதைவிடச் சிறிது. பென்னிக்கு மரத்தை எடுக்காமல் வெறும் கீறல்.

வெட்டி முடித்ததும் ஒரு முனைக்கு அருகில் பாதி ஆழத்துக்குக் குறுக்கே அறுத்து, அங்கிருந்து நீளவாக்கில் பிளப்பார்கள். கைப்பிடியோடு நீளமான பாதி ‘ஸ்டாக்’, பணம் கட்டியவருக்கு. குட்டையான பாதி ‘ஃபாயில்’, கருவூலத்துக்கு. பிளப்பதற்கு முன்பே வெட்டியதால் வெட்டுகள் இரண்டு பாதியிலும் இருக்கும். ஒருவர் தன் பாதியில் ஒரு வெட்டைக் கூட்டினால் மறுபாதியில் இருக்காது. புதிய குச்சியைக் கொண்டுவந்தால் மர ரேகை பொருந்தாது.

இந்த முறை 1826 வரை நீடித்தது. குவிந்து கிடந்த குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தின் அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். புகைவழிகள் சூடேறி நாடாளுமன்றமே எரிந்தது.

காகிதத்தில் இதன் தம்பி: ஒரே தாளில் ஒப்பந்தத்தை இரண்டு முறை எழுதி, நடுவே பல்பல்லாக வெட்டுவது. ‘இன்டென்ச்சர்’ என்ற பெயரில் இருப்பது பல்தான்.

மஞ்சள்வில்லை | 7 மார்ச் 2021, காலை 7.55

இந்த ‘துண்டு’ப் பொருள் அமெரிக்காவில் நன்றாக வளர்ந்தது. ஓட்டலில் கோட்டைக் கழற்றிக் கொடுத்தால் தரும் வில்லை செக். பெட்டியை ஒப்படைத்தால் தரும் சீட்டு செக். விமானத்தில் ‘செக்-இன் லக்கேஜ்’ இந்த வழி. சாப்பாட்டு பில்லும் செக். பேஸ்பால் ஆட்டம் மழையால் நின்றால் வேறொரு நாள் பார்க்க டிக்கெட்டின் துண்டை வைத்துக்கொள்ளலாம், அது ‘ரெயின் செக்’, 1880களிலிருந்து. இப்போது ‘இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்’ என்று அழைப்பைத் தட்டிக்கழிக்கவும் அதுதான்.

இலக்கம்13 | 7 மார்ச் 2021, மாலை 4.26

கணினியில் ‘செக் டிஜிட்’ அதே துண்டு. எண்ணோடு கூடவே ஒட்டிப்போகும் ஒரு இலக்கம்; மறுமுனையில் பொருந்துகிறதா என்று பார்க்க.

புத்தகங்களின் 13 இலக்க எண்ணை எடுங்கள். முதல் 12 இலக்கம் 978123456789 என்று வைத்துக்கொள்வோம். இடமிருந்து 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டுங்கள்: 9+21+8+3+2+9+4+15+6+21+8+27 = 133. அடுத்த பத்தின் மடங்கு 140. வித்தியாசம் 7, அதுவே 13ஆம் இலக்கம். கூட்டுத்தொகையே பத்தின் மடங்காக வந்தால் இலக்கம் 0.

ஒரு இலக்கம் தப்பாக விழுந்தால் எப்போதும் பிடிபடும். 1ஆல் பெருக்கினாலும் 3ஆல் பெருக்கினாலும் கடைசி இலக்கம் மாறியே ஆகும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் பெரும்பாலும் பிடிபடும். ஓட்டை எங்கே என்றால், அந்த இரண்டுக்கும் வித்தியாசம் 5 ஆக இருக்கும்போது. 16ஐ 61 என்று அடித்தால், 1+18 = 19, 6+3 = 9. வித்தியாசம் சரியாகப் பத்து. கண்டுகொள்ளாது.

வங்கி அட்டை எண்களில் இருப்பது ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை. ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டித்து, இரண்டிலக்கமாக வந்தால் அவற்றைக் கூட்டுவது. அதில் இடமாற்ற ஓட்டை ஒன்றே ஒன்று: 09, 90.

முக்கோணம் | 7 மார்ச் 2021, இரவு 9.03

ஸக் கட்சியை விட்டேன். ஆனால் செக் குடியரசு?

வேர்நோக்கி | 7 மார்ச் 2021, இரவு 9.15

தமிழ் எழுத்தில் மட்டும்தான் உறவு. அது ஸ்லாவிய இனப்பெயர், ஆங்கிலத்தில் போலிஷ் எழுத்துக்கூட்டலோடு நுழைந்தது. அடுத்து எண்ணெய் ஆட்டும் செக்கைக் கேட்பீர்கள். அது அசல் தமிழ், இங்கே இழுக்காதீர்கள்.

தறிமேடை | 7 மார்ச் 2021, இரவு 9.20

கேட்கத்தான் வந்தேன்.

குதிரைநடை | 8 மார்ச் 2021, காலை 6.30

சீட்டாட்டம் விட்டுப்போயிற்று. போக்கரில் பந்தயம் கட்டாமல் ‘செக்’ என்று மேசையைத் தட்டுவது எந்த வகை?

திருகாணி | 8 மார்ச் 2021, காலை 7.02

‘தடு’ வகை. பணம் போடாமல் தன்னை நிறுத்திக்கொள்கிறான். அந்தச் சுற்றில் அதற்கு முன்னால் யாராவது பந்தயம் கட்டியிருந்தால் செக் சொல்ல முடியாது. அதே தொகையைக் கட்ட வேண்டும், ஏற்ற வேண்டும், அல்லது சீட்டைக் கவிழ்க்க வேண்டும்.